மூணாவது மாடி

சின்னவள் ஊரை விட்டுக் கிளம்பியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் வீட்டுக்கும் அவள் சின்னவள், தெருவுக்கும் சின்னவள். மூத்தவள் கல்யாணமாகிப் போன பிறகும், பெரியவளே இல்லாத வீட்டில் இவள் சின்னவளாகவே இருந்தாள்.

காகித மில்லை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதோடு ஊர் படுத்துவிட்டது. ஆறு தடவை வந்துகொண்டிருந்த பஸ் இரண்டு தடவை வந்தது. சலூன்காரர் தனக்குத்தானே முடிவெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். கூட்டம் இருந்த கடை ஒன்றே ஒன்றுதான், ஜெராக்ஸ் கடை. வெளியூருக்கு மனுப் போடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் சான்றிதழ்களை நகல் எடுத்தார்கள். கடைசியில் ஜெராக்ஸ் கடைக்காரரும் தன் சான்றிதழை நாலு நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நகல் எடுப்பதற்கும் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அவளுடைய அப்பா மில்லில் பாய்லர் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடம் நெருப்புக்கு முன்னால் நின்றவருக்கு வீட்டில் நிற்பதற்கு ஒரு இடம் அகப்படவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். குக்கர் விசில் அடிக்கத் தொடங்கினால், "அடுப்பைக் குறை, பிரஷர் ஏறுது" என்பார்.

"இது குக்கர். உங்க பாய்லர் இல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பாள் அம்மா.

அப்படி இருந்த ஒரு நாள்தான் ஃபோர்மேனிடமிருந்து போன் வந்தது. மில்லில் அப்பாவுக்கு மேலே இருந்தவர். மூடிய மாதமே நகரத்துக்குப் போய்விட்டார். அவர் குரலைக் கேட்டதும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். பேசி முடிக்கும்வரை உட்காரவில்லை.

"உன் சின்னவளை அனுப்பு. இங்கே பேக்கிங் வேலை. ரெண்டாவது பிளாக், மூணாவது மாடி. திங்கக்கிழமை காலையில வரட்டும். நான் சரக்கு எடுக்க வெளியில போயிருந்தாலும் போயிருப்பேன். ஃபோர்மேன் அனுப்பினாருன்னு சொன்னா போதும், உக்கார வெச்சிடுவாங்க."

"அனுப்பறேங்க. கண்டிப்பா அனுப்பறேங்க" என்றார் அப்பா.

சின்னவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. போக வேண்டும் என்று இருந்தது. போகவே கூடாது என்றும் இருந்தது. பஸ் நகர்ந்தபோது அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள். வரவில்லை. மில்லின் சுற்றுச்சுவர் முடிந்து முள்காடு ஆரம்பித்ததும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தொண்டைவரை வந்தது. அது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. பயந்துபோய்க் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நகரத்தில் சித்தி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வீடு என்றால் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அடுத்த கட்டிடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல். அம்மாவின் தங்கையான சித்தி ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பிரிவில் வேலை செய்தாள். தனி ஆள். வாய் கொஞ்சம் நீளம். "இங்க ரெண்டே விதிதான். சாவியைத் தொலைக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. சாவியைத் தொலைச்சாக்கூட மன்னிச்சிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை சின்னவள் அந்தக் கட்டிடத்தைக் கண்டுபிடித்துப் போனபோது மணி எட்டே முக்கால். ஆறு மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு சத்தம். வாசலில் இருந்த காவல்காரர், "எங்கே போகணும்?" என்றார்.

"மூணாவது மாடி."

அவர் லிஃப்டைக் கையால் காட்டினார். அவள் அதற்கு முன்னால் தனியாக லிஃப்டில் ஏறியதில்லை. பலகையில் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண்கள் இருந்தன. மூன்றை அழுத்தினாள்.

கதவு திறந்த இடம் ஈரமாக இருந்தது. நீண்ட கூடம். வரிசையாக மெஷின்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு எதையோ தேய்த்தன; வெள்ளைச் சேறு மாதிரி ஒன்று குழாய் வழியாக வாளிகளில் இறங்கியது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா, முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு கையில் பிஸ்கட்டோடு வந்து நின்றாள்.

"யாரு?"

"ஃபோர்மேன் அனுப்பினாரு."

"அப்பாடா! போன வாரமே அனுப்பறேன்னாரு மனுஷன். பையை அந்த ஆணியில மாட்டு. கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

அவ்வளவுதான். பேரைக்கூடச் சாயங்காலம்தான் கேட்டாள். அதற்குள் எல்லோரும் அவளைப் "புதுசு" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அது மூக்குக்கண்ணாடி தயாராகும் இடம். நகரத்தில் உள்ள கடைகளிலிருந்து ஆர்டர்கள் வரும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. அதில் ஒரு பிரேம், இரண்டு வட்ட லென்ஸ், டாக்டர் எழுதிய அளவைக் குறித்த சீட்டு. லென்ஸை பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, பொருத்தி, சரிபார்த்து, டப்பாவில் வைத்து அனுப்ப வேண்டும். கண்ணாடிகளை டப்பாவில் வைக்கும் மேஜையில் சின்னவளை உட்கார வைத்தார்கள். துணியால் துடை, மெல்லிய காகிதத்தில் சுற்று, டப்பாவில் வை, சீட்டை ஒட்டு. பேக்கிங்தான். அப்பா சொன்ன வேலைதான். ஆகவே அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

ஃபோர்மேனை மட்டும் காணோம். இரண்டாம் நாள் தயங்கித் தயங்கிச் சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டாள்.

"ஃபோர்மேன் எப்ப வருவாருக்கா?"

"அவரா? எப்ப பைப் உடையுதோ அப்ப வருவாரு."

சின்னவள் திருதிருவென்று விழித்தாள். ஃபோர்மேனுக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், பாய்லர் பக்கம் இருந்தவர்தானே, இங்கே பைப் வேலையும் பார்க்கிறாராக்கும் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த வாரங்களில் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களுக்குக் கணக்கில்லை. மற்றவர்கள் பேசும் வேகத்தில் பாதி புரியவில்லை. புரியாததைக் கேட்டால் பட்டிக்காட்டுப் பெண் என்று நினைப்பார்களோ என்று கேட்காமல் விட்டாள். கேட்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து தலைக்குள் ஒரு மூட்டையாகக் கிடந்தது. முதல் வார வியாழக்கிழமை நல்ல மழை. நனைந்த குடையோடு அவள் வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். "அக்கா உள்ளே இருக்காங்க, போங்க" என்று சின்னவள்தான் வழி விட்டாள். அந்தப் பெண் போன வேகத்தில் திரும்பிப் போனாள். ஏன் வந்தாள், ஏன் போனாள்? அதுவும் மூட்டையில் சேர்ந்தது.

மத்தியானம் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் மட்டும் படிக்கட்டு ஜன்னலோரம் நின்று சாப்பிட்டாள். அம்மா ஞாபகம் வரும். சமையலறை வாசலில் நிற்கும் அப்பா ஞாபகம் வரும். ஊர்ப்பேச்சு பேச ஒரு ஆள் கிடைக்காதா என்று இருக்கும்.

இரண்டாவது வாரம், சரிபார்க்கும் மேஜையில் இருந்தவர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. சூப்பர்வைசர் அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். சின்னவள்தான் கண்ணில் பட்டாள்.

"புதுசு, இங்க வா. சுவத்துல அந்தக் கூட்டல் குறி தெரியுதா? லென்ஸைக் கண்ணுக்கு முன்னால பிடி. மெதுவா நகர்த்து. கோடு உன்கூடவே வந்தா மைனஸ். எதிர்ப்பக்கம் ஓடினா பிளஸ். சுழற்றினா கோடு கோணிக்கிட்டுப் போச்சுன்னா என்கிட்டக் குடு. அளவெல்லாம் மெஷின் சொல்லும். நீ கீறல் இருக்கா, வலது இடது மாறியிருக்கான்னு மட்டும் பாரு."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சின்னவள் ஒரு லென்ஸை எடுத்துப் பிடித்தாள். கோடு கூடவே வந்தது. இன்னொன்றை எடுத்தாள். கோடு எதிர்ப்பக்கம் நழுவி ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினில் வைப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றும் என்னவென்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரியாக இருந்தது. மத்தியானம் சாப்பிடப் போக மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு தட்டில் வலது லென்ஸ் இடதுபக்கமும் இடது லென்ஸ் வலதுபக்கமும் பொருத்தியிருப்பதைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள்.

சூப்பர்வைசர் அக்கா பார்த்தாள். "இது வெளியில போயிருந்தா அந்த ஆள் படியில உருண்டிருப்பான்" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு. ஆனால் மறுநாள் பழைய ஆள் திரும்பி வந்தபோது அவரை வேறு மேஜைக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஒரு சாயங்காலம் சின்னவள் வீடு திரும்பியபோது சித்தி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எங்கேடி போயிட்டு வர்றே?"

"வேலைக்கு."

"எந்த வேலைக்கு?"

"என்ன சித்தி இப்படிக் கேக்கறீங்க? முதல்ல பேக்கிங். இப்ப பாக்கற வேலை."

"எதைப் பாக்கறே?"

"கண்ணாடி."

"கண்ணாடி பாக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா? அப்படி ஒரு வேலை இருந்தா என்னையும் சேத்து விடேன், எனக்கும் மூஞ்சி இருக்கு!"

"அய்யோ சித்தி, மூக்குக்கண்ணாடி!"

"பொய் சொல்லாதே. உங்க அப்பா ஃபோர்மேனுக்கு நன்றி சொல்லலாம்னு போன் பண்ணியிருக்காரு. அந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? 'எந்தப் பொண்ணு? உன் பொண்ணு இந்தப் பக்கமே வரலை. வராத பொண்ணுக்கு எதுக்கு நன்றி?'ன்னு கேட்டிருக்காரு. மூணு வாரமா தினமும் காலையில சீவி முடிச்சிக்கிட்டுப் போறியே, யாரு அவன்?"

சின்னவளுக்குத் தினமும் போய் உட்காரும் மேஜை, ஆணியில் மாட்டும் பை, லென்ஸில் அடையாளம் வைக்கும்போது விரல் நுனியில் ஒட்டியிருக்கும் மை, எல்லாம் ஒரு நிமிஷம் பொய்யாகத் தெரிந்தன. "இதோ பாருங்க மை" என்று விரல்களை நீட்டினாள். சித்தி அவள் கையை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். அதற்குள் போன் அடித்தது. அப்பா.

"சின்னவளே, உண்மையைச் சொல்லு. நான் கோபப்பட மாட்டேன்." கோபம் குரலிலேயே இருந்தது. "நீ எங்க இருக்கே?"

"சித்தி வீட்டுல இருக்கேன்ப்பா."

"அதைக் கேக்கலை. பகல்ல எங்க இருக்கே?"

"மூணாவது மாடியில."

"அங்கதான் நீ இல்லையே!"

அவள் அழுதுவிட்டாள். அப்பா, "அழாதே, அழாதே" என்று அதட்டினார். சித்தி போனைப் பிடுங்கி, "நாளைக்கு நானே கூடப் போறேன் அத்தான். போய்ப் பாத்தா தெரிஞ்சிடப்போகுது" என்றாள்.

மறுநாள் சித்தி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கட்டிட வாசலிலேயே காவல்காரரைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பேக்கிங் கம்பெனி எங்க இருக்கு?"

"ரெண்டாவது மாடி."

"மூணாவதுன்னு சொன்னாங்களே?"

காவல்காரர் அலுத்துக்கொண்டார். "லிஃப்ட்ல அது ரெண்டு. அந்த ஆளுங்க மட்டும் தரைத்தளத்தையும் ஒரு மாடியா எண்ணுவாங்க. அவங்க மில்லுல அப்படித்தானாம். ரெண்டு வருஷமா சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க."

சித்தி சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் சித்தியைப் பார்த்தாள். சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

முதலில் மேலேதான் போனார்கள். சூப்பர்வைசர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாக்கா?" என்றாள் சின்னவள்.

"நாலாம் நாளே தெரியும். எனக்கு ஆள் அனுப்பறேன்னு சொன்னது இந்தக் கட்டிடத்து ஃபோர்மேன், குழாய் வேலை பாக்கறவரு. அவரு சொந்தக்காரப் பொண்ணு வியாழக்கிழமைதான் வந்து நின்னா. ஃபோர்மேன் அனுப்பினாருன்னா. அப்பவே புரிஞ்சுபோச்சு."

குடை. சின்னவளுக்கு அந்த நனைந்த குடை கண்முன் வந்தது. "அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆள் எடுத்தாச்சுன்னேன். சொன்ன நாளைக்கு வரலை. நீ வந்துட்டே."

"அவ இப்ப எங்கே இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ ஏன் கேக்கலை?" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. குத்திக்காட்டுவதாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

பிறகு ஒரு மாடி கீழே இறங்கினார்கள். கதவைத் தள்ளியதும் யாரோ, "அடி ஆத்தி, நம்ம சின்னவ!" என்று கத்தினார்கள். எதிர்வீட்டு அக்கா! கையில் டேப் ஒட்டும் கருவியோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மில் டைம்கீப்பர். அதற்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் இரண்டு பேர், மில் கேண்டீன்காரர், காகிதக்கூழ் பிரிவில் இருந்தவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கூட. முப்பது பேர் இருப்பார்கள். ஊரில் ஒருத்தரும் இல்லை என்று எல்லோரும் புலம்புகிறார்களே, எல்லோரும் இங்கே உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வந்து நாலு மணிக்குப் பின்வாசல் படி வழியாகப் போய்விடுவதால் மூன்று வாரமாக ஒருவர்கூட அவள் கண்ணில் படவில்லை. ஜன்னலோரம் நின்று அவள் அழுதுகொண்டே சாப்பிட்டபோதெல்லாம் காலுக்கு நேர்கீழே ஊர் இருந்திருக்கிறது.

ஃபோர்மேன் மேஜையிலிருந்து நிமிர்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். "வா. மூணு வாரம் லேட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே அழுதாள். "ஏதோ காரணமா நாள் தள்ளுதுன்னு நெனச்சேன், உன் இடத்தை நான் யாருக்கும் குடுக்கலை. உங்க அப்பா வார்த்தை தவறமாட்டான்னு எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்? மேலே போய்ச் சூப்பர்வைசர் அக்காவிடம் சொல்லிவிட்டு ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா, "சரி" என்று மட்டும் சொன்னாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். "இப்பத்தான் எனக்கு மூச்சே வந்தது" என்றார் அப்பா.

நாலு நாள் கீழே வேலை செய்தாள். வேலை சுலபம். வாய் ஓயாமல் பேச்சு. யார் வீட்டில் யார் இன்னும் இருக்கிறார்கள், யாருடைய ஆடு குட்டி போட்டது, பஸ் கண்டக்டர் யாரோடு சண்டை போட்டார் என்று அவளிடம் துருவித் துருவிக் கேட்டார்கள். பத்து மணிக்கு ஃபோர்மேன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். அது மில்லின் டீ நேரம். கூழ் பிரிவுக்காரர்கள் ஒரு பக்கம், மெஷின் பிரிவுக்காரர்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். சின்னவளை "பாய்லர்" பக்கம் உட்கார வைத்தார்கள், அப்பாவின் பெண் என்பதால்.

முதல் நாள் தேன் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் எதிர்வீட்டு அக்காவிடம், "நீங்க எங்கக்கா தங்கியிருக்கீங்க? வீடு எப்படி?" என்று கேட்டாள்.

"வீடா? பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கலை. எதுக்குப் பிரிக்கணும்? அடுத்த வருஷம் மில் திறந்துடுவாங்க."

"யாரு சொன்னா?"

"ஃபோர்மேன் சொன்னாரு."

மூன்றாம் நாள் ஃபோர்மேன் அவளைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் காட்டினார். பிரிவுவாரியாகப் பேர்கள். "திறந்த அன்னிக்கே முப்பத்தோரு பேரோட வாசல்ல போய் நிப்பேன். ஒரு மெஷின் நிக்காது. உன் பேரையும் எழுதிட்டேன், பாரு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாய்லர் என்ற தலைப்புக்குக் கீழே அப்பாவின் பேர். அதற்குக் கீழே அவளுடைய பேர். அவள் தலையாட்டினாள்.

மில் திறந்தால் போவேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். மூன்று வாரமாக ஊர், ஊர் என்று உருகியவள்தானே? போவேன் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. பெட்டியை மடித்துக்கொண்டே மேலே பார்ப்பாள். மெஷின் சத்தம் கூரை வழியாக லேசாகக் கேட்கும். இப்போது யார் சரிபார்க்கிறார்கள்? இடது வலது பார்த்திருப்பார்களா? மேலே இருந்தபோது மனசு ஊரில் இருந்தது. ஊரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது மனசு மேலே போய் நின்றது. போதாக்குறைக்கு அந்தக் குடைக்காரப் பெண் வேறு. அந்த நாற்காலி தன்னுடையதே இல்லையே, அதற்கு ஏன் இப்படி ஏங்க வேண்டும்?

"எனக்கு என்ன பைத்தியமா சித்தி?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட கேக்காதே. நானே ஒரு மாசத்துக்குன்னு வந்தவ. பதினாலு வருஷம் ஆச்சு. இருக்கறதா போறதான்னு இன்னும் முடிவு பண்ணலை."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"மேலயும் கீழயும் ஒரே நேரத்துல உக்கார முடியாது. எங்க உக்காந்தா உனக்குச் சாப்பாடு மறந்துபோகுதோ அங்க உக்காரு. இல்லை, எனக்குத் தெரியலை. என்னை விடு, நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்."

நாலாம் நாள் டீ நேரம் முடிந்ததும் சின்னவள் ஃபோர்மேனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் காற்றோடு போயின. "நான் மேலேயே இருக்கட்டுமாங்க?" என்பது மட்டும் வந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தார். "மேல அப்படி என்ன பண்றாங்க?"

அவள் சொன்னாள். கோடு கூடவே வருவதையும் எதிர்ப்பக்கம் ஓடுவதையும் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கி ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்து நகர்த்தினாள். "பிளஸ்ங்க. ரெண்டு பக்கமும். இடது பக்கம் கீறல் விழுந்திருக்கு. கண்ணு வலிக்கலையா?"

"வலிக்குது" என்றார் ஃபோர்மேன். திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார். "உங்க அப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நானே சொல்லிக்கறேங்க."

நோட்டை எடுத்தார். அவள் பேரை அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. "இருக்கட்டும். திறக்கும்போது பாத்துக்கலாம்" என்றார்.

மேலே சூப்பர்வைசர் அக்கா அவளைக் கண்டதும் தட்டுகளின் அடுக்கைக் கண்ணால் காட்டினாள். எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை சின்னவள் கேட்டாள். சம்பளம் யார் பேரில் வருகிறது, விடுமுறை எப்போது, தன்னைச் சேர்த்திருப்பதாக எழுதிக் கொடுப்பார்களா, குடைக்காரப் பெண்ணின் விலாசம் கிடைக்குமா என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கேட்டாள். "அம்மாடி, உனக்கு வாய் இருக்கா!" என்றாள் அக்கா. கடைசிக் கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். குழாய் வேலைக்காரரைத் தேடிப் போய்ச் சின்னவளே கேட்டுப் பார்த்தாள். "அவ வேற ஊருக்குப் போயிட்டா" என்றார் அவர். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னது அதைவிடக் கஷ்டம்.

"நான் வார்த்தை குடுத்திருக்கேன்" என்றார் அப்பா.

"நீங்க குடுத்தீங்கப்பா. என்னைக் கேக்கலை."

இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. அப்பா போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பன்னிரண்டு நாள் அம்மா மட்டும்தான் பேசினாள். "அவரு நல்லா இருக்காரு" என்பாள். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?" என்றால், "குழம்பு கொதிக்குது, வைக்கறேன்" என்பாள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "சின்னவளே, கீழ வந்து பாரு!"

என்னவோ ஏதோ என்று ஓடினாள். அவள் விட்டுவிட்டு வந்த இடத்தில், "பாய்லர்" பக்கத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டியை மடிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் காலியாத்தானே இருக்குன்னு ஃபோர்மேன் கூப்பிட்டாரு" என்றார் அவளைப் பார்க்காமல். "நான் குடுத்த வார்த்தை. நான்தானே வரணும்?"

அவளுக்குச் சந்தோஷமா, பயமா? அப்பா ஏதாவது வேலையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே இரண்டு வருடமாயிற்று. தன்னால்தான் வந்தார் என்று பட்டது. இனிமேல் ஒவ்வொரு நாளும் கீழேயே இருப்பாரே என்று லேசாக எரிச்சலும் வந்தது. எரிச்சல் வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. "அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"வீட்டைப் பூட்டிட்டு வர மாட்டாளாம். பூட்டினா ஊரே பூட்டின மாதிரி ஆயிடும்கறா. நாம ஒரு இடம் பாத்தா வந்து பாக்கறேன்னா."

"இந்த மடிப்பை உள்பக்கமா விடுங்கப்பா" என்று அவள் பெட்டியை வாங்கிக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டார். அடுத்த பெட்டியைச் சரியாக மடித்தார்.

சித்தியின் ஒற்றை அறையில் மூன்று பேர் இருக்க முடியவில்லை. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டுகொண்டார். சித்தி தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஓரமாக நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வீடு தேடிக் கிளம்பினார்கள். நாலு தெரு சுற்றி, ஒரு மாவு மெஷின் கடைக்குப் பின்னால் ஒன்றரை அறை கிடைத்தது. ஒன்றரை என்றால் ஒரு அறை, ஒரு நடைபாதை. ஜன்னல் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், அடுப்பு வைக்கும் இடத்தில் புகைபோக்கி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். சின்னவள் ஜன்னல் கண்ணாடியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு நின்றாள். "எத்தனை நாளைக்கு வேணும்?"

"ஒரு வருஷம். மில் திறந்துட்டா போயிடுவோம்" என்றார் அப்பா.

"நிரந்தரமா" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். தான் சொன்னது உண்மைதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது, அவ்வளவுதான். மறுத்துச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

"முதல்ல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று வீட்டுக்காரம்மா சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். சின்னவள் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே மாவு மெஷின் ஓடத் தொடங்கியது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லு" என்றார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் பேச ஆரம்பித்தாள்.